800 கிராம் ரொட்டியும் 18 ஆயிரம் டாங்கிகளும்

1941 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஜூன் 22 அன்று எல்லை தாண்டிய ஹிட்லரின் படை நான்கே மாதத்தில் மாஸ்கோவை நெருங்கியிருந்தது. கனரக டாங்கிகளைச் செய்துவந்த லெனின்கிராட், செப்டம்பர் 8 முதல் முற்றுகையில் சிக்கிக் கிடந்தது. டி-34 டாங்கியும் அதன் டீசல் என்ஜினும் பிறந்த கார்கிவ் நகரம் அக்டோபர் 24 அன்று விழுந்தது. அந்த ஆண்டு செம்படை இழந்த டாங்கிகள் சுமார் 20,500. இழந்ததைத் திரும்பச் செய்துகொள்ளலாம் என்றால், செய்யும் பட்டறைகள் இருந்த ஊர்களே கை நழுவிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, ஊரால் மலைத்தொடருக்கு அப்பால், மியாஸ் நதிக்கரையில் இருந்த ஒரு நகரத்தின் ரயில் நிலையத்தில் சரக்கு வண்டிகள் வந்து நின்றுகொண்டே இருந்தன. சில பெட்டிகளில் லேத்துகள். சிலவற்றில் பாதி செய்து முடித்த டாங்கி உறுப்புகள். மற்றவற்றில் வாரக்கணக்கில் பயணம் செய்து களைத்த ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். நகரத்தின் பெயர் செல்யாபின்ஸ்க். 1736-ல் கோட்டையாகத் தொடங்கி, சைபீரிய ரயில் பாதை வந்தபின் தானிய வியாபாரத்தில் வளர்ந்த ஊர். போர் முடிவதற்குள் மக்கள் அதற்கு வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள்: டாங்கோகிராத். டாங்கிகளின் நகரம்.

1945 மே மாதத்துக்குள் அந்த நகரத்தின் கீரோவ் ஆலையிலிருந்து சுமார் 18 ஆயிரம் டாங்கிகளும் சுயமாக நகரும் பீரங்கிகளும் போர்முனைக்குப் போயின. 48,500 டாங்கி என்ஜின்களும், 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வெடிகுண்டு உறைகளும் அதே ஆலையின் கணக்கில் இருக்கின்றன. ரஷ்யாவில் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு டாங்கிக்கும் பின்னால் இருந்த பசியையும் குளிரையும் சட்டத்தின் சாட்டையையும் அந்த நாடு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாய்விட்டுப் பேசவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் செல்யாபின்ஸ்கின் கதையில் பாதி பொய்யாகிவிடும்.

டிராக்டர் ஆலையின் மறுபக்கம்

செல்யாபின்ஸ்கில் டாங்கி செய்ய முடிந்ததற்குக் காரணம், அங்கே ஏற்கெனவே ஒரு பிரம்மாண்டமான டிராக்டர் ஆலை இருந்தது. 1933 ஜூன் 1 அன்று திறக்கப்பட்ட அந்த ஆலையின் முதல் வண்டி 'ஸ்டாலினெட்ஸ்-60'. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கம்பெனி விற்றுவந்த சங்கிலிச் சக்கர டிராக்டரைப் பார்த்துச் செய்தது. ஆலையைத் திட்டமிட்டதிலும் அமெரிக்கப் பொறியாளர்களின் கை இருந்தது. கூட்டுப்பண்ணை வயல்களை உழத்தான் இந்த ஆலை என்று உலகத்துக்குச் சொன்னார்கள். சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் கனமான டிராக்டரைச் செய்யத் தெரிந்த ஆலைக்கு டாங்கி செய்யக் கற்றுக்கொள்வது கடினமில்லை. போர் வந்தால் இந்த ஆலையை எப்படி மாற்றுவது என்ற திட்டமும் அரசின் கோப்புகளில் இருந்தது. ஸ்வீடன் நாட்டு வரலாற்றாசிரியர் லெனார்ட் சாமுவெல்சன், சோவியத் ஆவணக் காப்பகங்கள் திறந்தபின் அவற்றில் மூழ்கி எழுதிய 'டாங்கோகிராத்' நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார்.

1941 அக்டோபரில் மூன்று ஆலைகள் ஒன்றாயின. செல்யாபின்ஸ்க் டிராக்டர் ஆலை ஒன்று. லெனின்கிராடிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த கீரோவ் ஆலை இரண்டாவது. கார்கிவிலிருந்து வந்த என்ஜின் ஆலை மூன்றாவது. சேர்ந்த ஆலைக்குக் கீரோவ் என்ற பெயரையே வைத்தார்கள். டாங்கித் தொழிலுக்கென்று செப்டம்பரில் உருவான அமைச்சகமும் செல்யாபின்ஸ்குக்கு இடம்பெயர்ந்தது. மாஸ்கோவின் மாலி நாடகக் குழுகூட இங்கே வந்து மேடையேறியது. ஒரு தலைநகரத்தின் பாரத்தை ஒரு மாவட்ட நகரம் தோளில் ஏற்றிக்கொண்டது.

நாடு முழுக்க 1941-ன் பிற்பாதியில் இப்படிக் கிழக்கே நகர்ந்த ஆலைகள் 1,523 என்பது சோவியத் அரசின் கணக்கு. லெனின்கிராடின் கதைதான் எல்லாவற்றிலும் கடினமானது. ரயில் பாதை அறுந்துபோனதால் கீரோவ் ஆலையின் வடிவமைப்பாளர்களையும் கைதேர்ந்த தொழிலாளர்களையும் விமானத்தில் ஏற்றி, லடோகா ஏரிக்கு மேலே பறந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆலையின் இயக்குநர் ஐசக் சால்ட்ஸ்மானும் தலைமை வடிவமைப்பாளர் ஜோசப் கோதினும் செல்யாபின்ஸ்குக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னால் விட்டுவந்த உறவினர்கள் பலர் அந்தக் குளிர்காலத்திலேயே பட்டினியில் இறந்தார்கள்.

எந்திரங்கள் வந்த அளவுக்கு அவற்றை வைக்கக் கட்டடம் வரவில்லை. சுவர் எழுமுன்னே எந்திரத்தை நட்டு, மின்சாரக் கம்பியை இழுத்து, திறந்தவெளியில் வேலையைத் தொடங்கினார்கள். உறைபனியில் இரும்பைத் தொட்டால் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அருகே நெருப்பு மூட்டிக் கையைச் சுட்டுக்கொண்டே வேலை பார்த்தவர்கள் உண்டு. கூரை பிறகுதான் வந்தது.

கார்கிவிலிருந்து வந்த இதயம்

கார்கிவ் ஆலை கொண்டுவந்த சொத்து வி-2 என்ற டீசல் என்ஜின். 12 உருளைகள், 38.8 லிட்டர் கொள்ளளவு, 500 குதிரைத்திறன். அன்றைய டாங்கிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடியவை. டீசலில் ஓடினால் தூரம் கூடுதலாகப் போகலாம், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. வார்த்த அலுமினியத்தில் செய்ததால் எடையும் கட்டுக்குள் இருந்தது. டி-34-லும் இதே என்ஜின்தான், கோதினின் கனரக டாங்கியான கே.வி.யிலும் சற்று முறுக்கேற்றிய இதே என்ஜின்தான், பின்னால் வந்த ஐ.எஸ். டாங்கியிலும் இதன் வாரிசுதான். நடுத்தர டாங்கிக்கும் கனரக டாங்கிக்கும் ஒரே குடும்பத்து என்ஜின் என்பதால் உதிரிபாகமும் பழுதுபார்க்கும் கையும் பொதுவாயின. போர்க்களத்தில் இதன் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இந்த என்ஜினை உருவாக்கிய கார்கிவ் குழுவின் தலைவர் கான்ஸ்தன்தீன் செல்பான். உக்ரைனில் வாழ்ந்த கிரேக்க வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். தன் என்ஜின் டாங்கியில் ஏறிப் போருக்குப் போனதை அவர் பார்க்கவில்லை. 1937 டிசம்பரில், கிரேக்கர்களைக் குறிவைத்து நடந்த கைதுகளில் ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோனது. 1938 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். நாட்டைக் காப்பாற்றிய என்ஜினைத் தந்தவரைத் துரோகி என்று சொல்லிக் கொன்ற நாடு, பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1956-ல் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அவர் விட்டுச்சென்ற வேலையைச் செல்யாபின்ஸ்கில் நடத்தியவர் இவான் திராஷூதின். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பிய பொறியாளர்.

என்ஜினில் குறை இல்லாமலில்லை. தூசியை வடிகட்டும் ஃபில்டர் மோசம். 1942-ல் ஒரு டி-34-ஐயும் ஒரு கே.வி.யையும் அமெரிக்காவின் அபர்தீன் சோதனைக் களத்துக்கு அனுப்பியபோது, உள்ளே புகுந்த புழுதி என்ஜினை அரித்துத் தின்றதைக் கண்டு அமெரிக்கர்கள் குறை எழுதினார்கள். கே.வி.யின் கியர்பெட்டி அதைவிடப் பெரிய தலைவலி. எதிரியின் குண்டில் அழிந்ததைவிட நடுவழியில் நின்றுபோனதாலேயே கைவிடப்பட்ட கே.வி.க்கள் பல. முன்னணி டாங்கித் தளபதி கத்துகோவ், இந்த வண்டியின் கனமும் மந்தமும் படைக்கு இடைஞ்சல் என்று ஸ்டாலினிடமே சொன்னதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். எண்ணிக்கையைக் காட்டு என்று மேலிருந்து விரட்டும்போது தரம்தான் முதலில் அடிவாங்கும். 1942-ன் முதற்பாதியில் செல்யாபின்ஸ்கில் நடந்தது அதுதான். அந்தக் கோடையில் எடையைக் குறைத்து, கியர்பெட்டியைத் திருத்தி, கே.வி.-1எஸ் என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தபிறகே நிலைமை சீராயிற்று.

முப்பத்துமூன்று நாள்

அதே கோடையில் ஸ்டாலின்கிராடை நோக்கி ஜெர்மன் படை பாய்ந்தது. டி-34 செய்துகொண்டிருந்த ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலையே போர்முனையாகப் போகிறது என்பது தெரிந்துவிட்டது. செல்யாபின்ஸ்க்காரர்களுக்கு உத்தரவு வந்தது: கனரக டாங்கியோடு டி-34-ஐயும் செய்யுங்கள். வேறொரு டாங்கிக்கு மாறுவது என்றால் ஆயிரக்கணக்கான புதிய கருவிகள், அச்சுகள், அளவுகள். பட்டறையில் எந்திரங்களின் வரிசையையே கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். அமைதிக்காலத்தில் பல மாதம் ஆகும் இந்த வேலையை 33 நாளில் முடித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று முதல் டி-34 வெளியே உருண்டது. மறுநாளே ஜெர்மன் டாங்கிகள் ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலைக்கு வடக்கே வந்து நின்றன. 1944 வசந்தம் வரை செல்யாபின்ஸ்க் செய்த டி-34-கள் 5 ஆயிரத்துக்கும் மேல்.

வேகம் எங்கிருந்து வந்தது? உத்தரவிலிருந்து மட்டும் வந்துவிடாது. டிராக்டர் காலத்திலிருந்தே இந்த ஆலைக்குத் தொடர் ஓட்ட உற்பத்தி பழக்கம். கனரக டாங்கி என்றால் ஓரிடத்தில் நிறுத்தி, ஆட்கள் சுற்றி வந்து பூட்டுவதுதான் அதுவரை வழக்கம். இங்கே கன்வேயரில் ஏற்றி நகர்த்தினார்கள். முற்றுகையிலிருந்து தப்பி வந்த விஞ்ஞானி வலன்தீன் வோலோக்தின், உயர் அதிர்வெண் மின்சாரத்தைக் கொண்டு உருக்கின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்கும் முறையை ஆலையில் புகுத்தினார். பழைய முறையில் பற்சக்கரங்களையும் தண்டுகளையும் உலையில் மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டியிருந்தது. அவர் முறையில் ஓர் உறுப்புக்குச் சில நொடிகள், அல்லது சில நிமிடங்கள். எரிபொருளும் மிச்சம், அனுபவமில்லாத கையும் பிழையில்லாமல் செய்யலாம். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். ஏனென்றால் அனுபவமுள்ள கைகளில் பல துப்பாக்கி பிடிக்கப் போயிருந்தன.

கவசத் தகடு அருகிலிருந்த மக்னிதோகோர்ஸ்கிலிருந்து வந்தது. அங்கே கவச உருக்கைத் தகடாக உருட்டத் தனி ஆலை கிடையாது. சாதாரண உருக்குக் கட்டிகளை உருட்டும் எந்திரத்திலேயே கவசத் தகட்டை உருட்டிப் பார்க்கலாம் என்று யோசித்து, எந்திரம் உடைந்துவிடும் என்று பலர் பயந்த வேலையை, 1941 ஜூலைக் கடைசியில் செய்துகாட்டிவிட்டார்கள். அலுமினியத்துக்கும் தவிப்புதான். உக்ரைனின் அலுமினிய ஆலை எதிரியிடம் போய்விட்டதால் ஊராலில் இருந்த காமென்ஸ்க் ஆலைதான் கதி. மீதியை நேச நாடுகள் கப்பலில் அனுப்பின. சோவியத் காலத்து வரலாற்று நூல்கள் இந்தக் கப்பல்களை ஓரிரு வரியில் தாண்டிப்போவது நியாயமில்லை. ஆர்க்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு இரையான பிரிட்டிஷ், அமெரிக்க மாலுமிகளின் உயிரும் அந்த என்ஜின்களில் இருக்கிறது.

1943 ஜனவரியில் இன்னொரு அவசரம். ஜெர்மனியின் டைகர் டாங்கி களத்துக்கு வந்துவிட்டது. அதன் தடித்த கவசத்தைப் பிளக்கப் பெரிய பீரங்கி வேண்டும். கே.வி.-1எஸ் வண்டியின்மேல் 152 மில்லிமீட்டர் ஹோவிட்ஸரை ஏற்றிய சு-152 வண்டி 25 நாளுக்குள் தயார். அந்தக் கோடையில் குர்ஸ்க் சமவெளியில் இதை எதிர்கொண்ட டைகர்களும் பேந்தர்களும் நொறுங்கின. டைகர், பேந்தர் எல்லாம் காட்டு மிருகங்களின் பெயர் என்பதால் சிப்பாய்கள் இந்த வண்டிக்கு 'மிருக வேட்டைக்காரன்' என்று பெயர் சூட்டினார்கள். ஆண்டின் இறுதியில் 122 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட ஐ.எஸ்.-2 வந்தது. போர் முழுவதிலும் ஜெர்மனி செய்த முதல் ரக டைகர்கள் சுமார் 1,350. அதற்கு எதிராகச் செல்யாபின்ஸ்க் தந்த ஐ.எஸ்.-2 டாங்கிகள் 3 ஆயிரத்துக்கும் மேல்.

டாங்கியோடு நின்றுவிடவில்லை இந்த ஊர். ஏர்க்கலப்பை செய்துவந்த கோல்யூஷென்கோ ஆலை, 'கத்யூஷா' ராக்கெட் ஏவிகளைச் செய்தது.

யார் செய்தார்கள்?

வயது வந்த ஆண்கள் போருக்குப் போனதும் அவர்கள் மனைவியரும் தங்கைகளும் அந்த எந்திரங்களுக்கு வந்தார்கள். அவர்களும் போதாமல் பிள்ளைகள் வந்தார்கள். 1940 அக்டோபரில் தொடங்கிய அரசுத் தொழிற்பயிற்சிப் பள்ளிகளுக்குக் கிராமங்களிலிருந்து பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை ஆள்சேர்ப்பு உத்தரவு போட்டே கொண்டுவந்தார்கள். சில மாதப் பயிற்சி, பிறகு ஷிஃப்ட். லேத்தின் கைப்பிடி எட்டாத சிறுவர்கள் காலுக்கடியில் மரப்பெட்டியைப் போட்டு ஏறி நின்று கடைந்தார்கள். சோவியத் புகைப்படங்களில் இந்தச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். அதே சிறுவர்களில் பலர் காலில் செருப்பில்லாமல், பசி தாங்காமல், அம்மாவிடம் ஓடிப்போனதும் ஆவணங்களில் இருக்கிறது.

ஓடிப்போவது குற்றம். 1940 ஜூன் 26-ஆம் தேதிச் சட்டப்படி இருபது நிமிடத்துக்குமேல் தாமதமாக வேலைக்கு வந்தாலே நீதிமன்றம். சம்பளத்தில் கால்பங்கு வரை வெட்டிக்கொண்டு ஆறு மாதம் வரை அதே இடத்தில் தண்டனை வேலை. போர் தொடங்கியதும் விடுமுறைகள் ரத்து, தினம் மூன்று மணி நேரம் வரை கட்டாய மிகைநேர வேலை. 1941 டிசம்பர் 26 அன்று வந்த ஆணை இன்னும் கடுமையானது. ஆயுத ஆலையை விட்டு அனுமதியில்லாமல் போகிறவர், போர்முனையை விட்டு ஓடிய சிப்பாய்க்குச் சமம். ஐந்து முதல் எட்டு ஆண்டு சிறை. அந்த ஆணை பதினாறு வயதுப் பெண்ணையும் பிடித்தது, கணவன் இறந்த செய்தி வந்து ஊருக்குப் போன தாயையும் பிடித்தது. கிராமங்கள் பல சமயம் ஓடிவந்த பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்காமல் ஒளித்துவைத்தன. உள்ளூர் அதிகாரிகள் சிலரும் கண்டும் காணாமலிருந்தார்கள். அந்தக் கருணையை நினைத்தால் மனிதர்மீது நம்பிக்கை வருகிறது.

ஷிஃப்ட் என்றால் 11 மணி, 12 மணி நேரம். மாத இலக்கு நெருங்கும் கடைசி வாரத்தில் அதற்கும் மேல். பலர் வீட்டுக்குப் போகாமல் எந்திரத்தின் பக்கத்திலேயே, உலையின் சூட்டுக்கு அருகே படுத்து எழுந்தார்கள். வீடு என்று எதைச் சொல்வது? மரத்தாலான நீளக் கொட்டகைகளில் அடுக்குப் பலகைப் படுக்கைகள், அல்லது மண்ணைத் தோண்டி மேலே கூரை போட்ட குழி வீடுகள். 1939 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்த ஊரில் லட்சக்கணக்கானவர்கள் புதிதாக வந்து இறங்கினால் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் விறகுக்கும் சோப்புக்கும் என்ன ஆகும்? பேன் பெருகியது, டைபஸ் காய்ச்சல் பரவியது.

பிறகு பசி. ஆயுதத் தொழிலாளிக்கு நாளுக்கு 800 கிராம் ரொட்டி. அவரைச் சார்ந்து வாழும் வயதானவருக்கோ குழந்தைக்கோ 400 கிராம். எண்ணாகப் பார்த்தால் 800 கிராம் பெரிதாகத் தோன்றும். அது ஈரமும் கலப்படமும் நிறைந்த கனமான ரொட்டி. அதைத் தவிர வயிற்றுக்குப் போனது பெரும்பாலும் முட்டைக்கோஸ் மிதக்கும் தண்ணீர்ச் சூப்தான். இறைச்சியும் கொழுப்பும் ரேஷன் அட்டையில் எழுத்தாக மட்டுமே இருந்த மாதங்கள் பல. பன்னிரண்டு மணி நேரம் இரும்பைத் தூக்குகிற உடம்புக்கு அது போதாது. அந்த ரொட்டியையும் வீட்டில் குழந்தையோடு பங்கு போட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கிண்ணத்துக்கும் கரண்டிக்கும்கூடப் பஞ்சம். ரேஷன் அட்டை தொலைந்தால் அந்த மாதம் உயிர் பிழைப்பது பக்கத்தில் இருப்பவர் கையில். ஊரின் வெளிநிலங்களில் தொழிலாளர்கள் உருளைக்கிழங்கு போட்டார்கள். விதைக் கிழங்கு வாங்க முடியாதவர்கள் முளைக்கண் உள்ள தோலை நறுக்கி நட்டார்கள். அரசின் ரேஷன் விட்ட இடத்தை அந்தக் கிழங்குதான் நிரப்பியது.

ஆனாலும் பலர் பிழைக்கவில்லை. வரலாற்றாசிரியர் டொனால்ட் ஃபில்ட்ஸர், ஊரால் தொழில் நகரங்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து, 1943-44-ல் வேலை செய்யும் வயதிலிருந்த ஆண்களைக் கொன்றதில் பட்டினிக்கும் அதோடு சேர்ந்து வந்த காசநோய்க்கும் பெரும் பங்கு என்று காட்டியிருக்கிறார். லெனின்கிராட் முற்றுகையின் பட்டினியை உலகம் அறியும். எதிரி விமானம் எட்டாத, ஒரு குண்டும் விழாத, போர்முனைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊரில் டாங்கி செய்தவர்கள் பசியால் செத்ததை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அரசிடம் இருந்த உணவு குறைவு என்பது உண்மை. உக்ரைனின் விளைநிலம் முழுக்க எதிரி வசம் இருந்தது, படைக்கு முதலில் அனுப்ப வேண்டியிருந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் கட்சி அதிகாரிகளுக்கும் ஆலை மேலாளர்களுக்கும் தனிக் கடை, தனிச் சாப்பாட்டுக் கூடம் இருந்தன என்பதும் உண்மை.

முள்வேலிக்குள் ஓர் ஆலை

போரின் நடுவே செல்யாபின்ஸ்கின் வடக்கில் ஒரு புதிய உருக்காலை எழுந்தது. 1943 ஏப்ரலில் முதல் உருக்கு ஊற்றப்பட்ட அந்த உலோக ஆலையைக் கட்டியது என்.கே.வி.டி. என்ற உள்துறைப் போலீஸின் முகாம். உள்ளே இருந்தவர்களில் பெரும்பகுதி சோவியத் ஜெர்மானியர்கள்.

இவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ரஷ்யாவுக்கு வந்து, வோல்கா கரையில் விவசாயம் செய்து வாழ்ந்த சமூகம். ஹிட்லருக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1941 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஆணை, அவர்களைச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தியது. 1942 ஜனவரி 10-ஆம் தேதி உத்தரவு, 17 முதல் 50 வயது வரையிலான ஆண்களை 'உழைப்புப் படை' என்ற பெயரில் திரட்டியது. அக்டோபரில் பெண்களையும் சேர்த்தார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் விலக்கு. நான்கு வயதுக் குழந்தையை உறவினரிடமோ கூட்டுப்பண்ணையிடமோ விட்டுவிட்டுத் தாய் வரவேண்டும்.

முகாமைச் சுற்றி முள்வேலி, காவல் கோபுரம். அவர்கள்மீது எந்த நீதிமன்றமும் குற்றம் சுமத்தியதில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கேயே செத்தார்கள், முதல் குளிர்காலத்திலும் 1942 முழுவதிலும் மிக அதிகமாக. மத்திய ஆசியாவிலிருந்து திரட்டிவந்த உஸ்பெக், கஜாக் தொழிலாளர்களின் நிலையும் துயரமானது. ரஷ்ய மொழி தெரியாது, அந்தக் குளிருக்கு ஆடை கிடையாது, பழக்கமில்லாத உணவு. பனிக்காலம் முடிவதற்குள் பலர் விழுந்தார்கள். உலோக ஆலை முகாமில் இருந்த ஜெர்மானியர்களின் பெயர்களைத் தொகுத்த நினைவு நூல்கள் இந்த நூற்றாண்டில்தான் அச்சேறின.

கட்டாயமும் பயமும் மட்டுமே அந்த டாங்கிகளைச் செய்தன என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஏற்கமாட்டேன். 1943 தொடக்கத்தில் செல்யாபின்ஸ்க், ஸ்வெர்த்லோவ்ஸ்க், மோலத்தோவ் (இன்றைய பெர்ம்) வட்டாரங்களின் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போட்டு, கூடுதல் நேரம் உழைத்து, ஒரு முழு டாங்கிப் படையையே படைக்குக் கொடுத்தார்கள். டாங்கி, துப்பாக்கி, சீருடை எல்லாம் அவர்கள் தந்தது. அதில் சேரவும் தேவைக்கு மேல் பல மடங்கு பேர் முன்வந்தார்கள். ஸ்லத்தோஸ்த் ஊர்க் கொல்லர்கள் அவர்களுக்குக் கறுப்புப் பிடி போட்ட கத்திகள் செய்து தந்ததால் ஜெர்மானியர்கள் இவர்களைக் 'கறுங்கத்திப் படை' என்று அழைத்தார்கள். குர்ஸ்கின் ஓரியோல் பகுதியில் போரைத் தொடங்கி, பெர்லின் வழியாகப் பிராக் நகரம் வரை போன படை அது. தூரக்கிழக்கில் மகதானிலிருந்து அலெக்சாண்ட்ரா பாய்கோவும் அவர் கணவர் இவானும் சேமிப்பிலிருந்து 50 ஆயிரம் ரூபிள் கொடுத்து ஒரு டாங்கிக்குப் பணம் கட்டினார்கள். செல்யாபின்ஸ்கில் பயிற்சி பெற்று, அங்கே செய்த ஐ.எஸ். டாங்கியில் போருக்குப் போனார்கள். மனைவி கமாண்டர், கணவன் ஓட்டுநர்.

நாஜிகளின் திட்டத்தில் ஸ்லாவ் மக்களுக்கு அடிமை வாழ்வும் யூதர்களுக்கு அழிவும் எழுதப்பட்டிருந்தன. செல்யாபின்ஸ்க் பட்டறையில் நின்ற பெண்ணுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஊரிலிருந்து வந்த கடிதங்களே சொல்லின. அவள் தன் அரசுக்குப் பயந்தாள், தன் நாட்டுக்காக உழைத்தாள். இரண்டும் ஒரே உடம்பில் நடந்தன.

வெற்றிக்குப் பிறகு

செப்டம்பர் 7, 1945. பெர்லினில் நேச நாடுகளின் அணிவகுப்பு. செல்யாபின்ஸ்க் செய்த, கூரிய மூக்கு கொண்ட 52 ஐ.எஸ்.-3 டாங்கிகள் மூன்று வரிசையாக வந்தபோது பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் திகைத்தார்கள். செல்யாபின்ஸ்க் ஆலை டிராக்டருக்கும் திரும்பியது: அடுத்த ஜனவரியிலேயே எஸ்-80 டிராக்டர் கன்வேயரிலிருந்து இறங்கியது.

சால்ட்ஸ்மான் இடையில் ஓராண்டு டாங்கித் தொழில் அமைச்சராகவே இருந்தவர். விரட்டி வேலை வாங்குவதில் பேர்போன அவரை 1949-ல் பதவியிலிருந்து தூக்கி, கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். லெனின்கிராட் தலைவர்களை ஸ்டாலின் வேட்டையாடிய காலம் அது. அவரைப் போன்ற யூதர்கள்மீது சந்தேகம் வளர்க்கப்பட்ட காலமும்கூட. 18 ஆயிரம் டாங்கிகளுக்குப் பொறுப்பேற்றவர் வேறோர் ஊரில் சாதாரணப் பதவிக்குப் போனார். ஸ்டாலின் இறந்தபின், 1955-ல்தான் கட்சி அவரைத் திரும்பச் சேர்த்தது.

நகரத்துக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. வடக்கே மயாக் என்ற ரகசிய அணு வளாகம் வந்தது. 1948-ல் அதன் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. கழிவை டேச்சா ஆற்றில் விட்டார்கள். 1957 செப்டம்பர் 29 அன்று அணுக்கழிவுத் தொட்டி வெடித்து வட்டாரத்தையே நஞ்சாக்கியது. சுற்றிலும் ரகசியம் என்பதால் செல்யாபின்ஸ்கையே 1992 வரை வெளிநாட்டவர் எட்டிப் பார்க்க முடியவில்லை. போர்க்காலத்தில் பழகிய 'முதலில் உற்பத்தி, பிறகு மனிதர்' என்ற வழக்கம் அமைதிக்காலத்திலும் தொடர்ந்ததன் விலை இது.

செல்பானின் என்ஜின் குடும்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது. டி-72, டி-90 டாங்கிகளை ஓட்டும் வி-46, வி-84, வி-92 ரக என்ஜின்கள் எல்லாம் வி-2-இன் வழித்தோன்றல்கள். உருளையின் விட்டம் அன்றைய 150 மில்லிமீட்டர்தான். நமக்கும் இது அந்நியமான கதை இல்லை. 'டேங்க் ஃபேக்டரி' என்று சென்னைக்காரர்கள் சொல்லும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான 'அஜேயா', 'பீஷ்மா' டாங்கிகளுக்கு, அதே ஆவடியின் என்ஜின் தொழிற்சாலை ரஷ்ய உரிமத்தில் செய்துவருவது இந்தக் குடும்பத்து என்ஜின்களைத்தான்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. எல்லை தாண்டிய டி-72, டி-90 டாங்கிகளுக்குள் உறுமியது செல்யாபின்ஸ்க் பரம்பரை என்ஜின். முதல் நாளிலிருந்தே குண்டு விழுந்த ஊர்களில் ஒன்று கார்கிவ். 1941-ல் தன் என்ஜினையும் தொழிலாளர்களையும் ரயிலேற்றி ஊராலுக்கு அனுப்பிய அதே கார்கிவ். இந்தப் படையெடுப்பை நியாயப்படுத்த மாஸ்கோ திரும்பத் திரும்ப இழுக்கும் பெயர், 1945-ன் வெற்றி. அந்த வெற்றியைச் செய்தவர்களில் ரஷ்யரும் உக்ரைனியரும் யூதரும் உஸ்பெக்கும் முள்வேலிக்குள் இருந்த ஜெர்மானியரும் உண்டு. செருப்பில்லாமல் லேத் ஓட்டிய பிள்ளைகளும் உண்டு. அவர்களில் யாருக்கும் அன்றைய கிரெம்ளின் கணக்குச் சொல்லவில்லை. இன்றைய கிரெம்ளினுக்கு அவர்கள் பெயரால் போர் நடத்தும் உரிமை இல்லை.